லிஸ்பனில் நான் வேலை பார்த்த வங்கி

"இந்த ரெண்டு வருஷம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு சுந்தர் ஒரு விசையை அழுத்தினார். திரையில் நான்கு வரிகள் கறுத்துத் தெரிந்தன, பிறகு இல்லாமல் போயின.

காலை பத்து மணி. அமெரிக்காவில் எடிசன் நகரத்து அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் கணினி. மறுபாதியில் நியூஸ்பேப்பரை விரித்து நசீமா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால், என் பெயருக்குக் கீழே இருந்த அந்த வெள்ளை இடம்தான் நினைவுக்கு வருகிறது.

"வேணாம்னா என்ன சார்?" என்றேன்.

"மாஸ்டர்ஸ், லிஸ்பன், நிலத்தடி நீர்... கிளையன்ட் குழம்பிடுவான்மா. அவனுக்கு வேணுங்கறது டேட்டாபேஸ் தெரிஞ்ச ஆளு. நீ ரெண்டு வருஷமா தண்ணி தேடிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா எவன் கூப்பிடுவான்?"

"அது என்னோட படிப்புங்க சார்."

"யாரு இல்லேன்னா? படிப்ப வீட்ல வெச்சுக்கோ. ரெஸ்யூமேல வேணாம்."

இறாலின் நடுநரம்பை இழுத்தபடியே நசீமா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "என்னோட பி.எஸ்ஸி. தாவரவியலையும் போன மாசம் இப்படித்தான் புடுங்கிப் போட்டாரு. நான் ஒரு சொட்டு அழல."

சென்ற இதழில் இந்த வீட்டு வாசலில் கிடந்த ஏழு ஜோடிச் செருப்புகளைப் பற்றி எழுதியிருந்தேன். அது யார் வீடு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்களை விசாவில் அழைத்து வந்து, இங்கிருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மாதக்கணக்கில் வேலைக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ் அது. வேலை அமையும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். அதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். மூன்று மாதம் பெஞ்சில் இருந்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது ஏழாவது வாரம்.

சுந்தர் கெட்டவர் அல்ல. திருவல்லிக்கேணிக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்காக அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து மாடியேறுவார். "இங்க சாரெல்லாம் வேணாம், சுந்தர்னே கூப்பிடு" என்று எத்தனையோ முறை சொல்லியும் எனக்கு அந்த 'சார்' கடைசிவரை போகவில்லை.

வெள்ளை இடத்தைப் பார்த்து அவரும் யோசித்தார்.

"ரெண்டு வருஷம் ஓட்டை விழுதே. பாஸ்போர்ட்ல போர்ச்சுகல் முத்திரை வேற இருக்கு. சரி, ஊரு இருக்கட்டும். அங்க ஒரு பேங்க்ல ப்ராஜெக்ட் பண்ணினேன்னு போட்டுடலாம்."

போட்டார். பத்து நிமிடத்தில் நான் லிஸ்பனில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள் ஆனேன்.

வெயிலுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?

என் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் லாரி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. ராஜஸ்தான்வரை ஓட்டிப் போவார், ஆனால் ஒரு ஊர்ப் பலகையைக்கூட அவருக்குப் படிக்கத் தெரியாது. பெட்ரோல் பங்க்குகளையும் பாலங்களையும் வைத்துத்தான் ஊரை அடையாளம் காண்பார். அம்மா தறிப் பட்டறையில் நூல் சுற்றப் போனவள். எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கமும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியது நான்தான் முதல். இதை எழுதும்போது என் குரலில் கொஞ்சம் திமிர் தொனிக்கும். தொனிக்கட்டும்.

கோயம்புத்தூரில் பொறியியல் முடித்தபோது எல்லோரையும்போல எனக்கும் அமெரிக்கா ஆசை. சென்னையில் இரண்டு முறை விசா கேட்டேன். இரண்டு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் அப்பாவின் வருமானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு கல்லூரிப் பலகையில், மூலையில், ஒரு தாள் கண்ணில் பட்டது. லிஸ்பனில் நிலத்தடி நீர் பற்றிய முதுகலைப் படிப்பு, உதவித்தொகை உண்டு. எனக்கு முன்னால் அங்கே போய் வந்த சீனியர் ஒருவர் சொன்னார்: "ஐரோப்பாவுலயே செலவு கம்மியான தலைநகரம் அதுதான். நம்ம ஊரு மாதிரி வெயிலும் அடிக்கும்."

அதை அப்படியே வீட்டில் சொன்னேன். அப்பா பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "வெயிலுக்கு எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம்?"

மூன்றாம் மாடிப் புடவை

லிஸ்பனில் எனக்குக் கிடைத்தது ஒரு மேட்டுத் தெருவில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரி தோனா அமேலியா, கணவனை இழந்தவர், என்னை 'மெனினா' என்று கூப்பிடுவார். 'பெண்ணே' என்பதுபோல. சாவி, சன்னல், மேசை, அலமாரி என்று அந்த வீட்டில் பாதிப் பொருள்களுக்கு, அவர்கள் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த, எனக்குத் தெரிந்த பெயரே இருந்ததால், முதல் வாரத்திலேயே எனக்கு மொழி வந்துவிட்டதாக அவர் தெருவெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். வினைச்சொற்கள் வர ஒரு வருடம் ஆயிற்று.

அந்த ஊரில் துணி காயப்போடுவது சன்னலுக்கு வெளியே. சுவரில் இரண்டு சக்கரம், நடுவில் கயிறு. இழுத்தால் கயிறு சுழலும். வந்த மூன்றாம் நாள் என் நூல் புடவையைத் துவைத்துப் போட்டேன். ஆறு கஜம். மடிக்காமல் நீளமாக விட்டேன்.

அரைமணி நேரத்தில் கீழிருந்து ஒரு குரல். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, திட்டு என்று மட்டும் புரிந்தது. தோனா அமேலியா ஓடிவந்து சன்னலில் தலையை நீட்டினார். மேலும் கீழுமாகப் பத்து நிமிடம் சண்டை. முடிவில் என்னிடம் கைகளால் விளக்கினார். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சன்னலுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் வெயில். என் புடவை அதை மறைத்துவிட்டது. 'என் வெயிலை எடுத்தவள் யார்?' என்றுதான் அவர் கத்தியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெயிலுக்குப் பயந்து குடை பிடிக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். ஜனவரி வந்தபோது சிரிப்பு நின்றது. அந்த வீடுகளில் கணப்பு கிடையாது. வெளியே இதமாக இருக்கும், உள்ளே கல் சுவர் கையைக் கடிக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விரல் மடங்காமல் கணக்குப் போடுவேன். ஒன்பது மணிக்குப் புத்தகத்தோடு கீழே இறங்கி, வெயில் விழும் பெஞ்சில் போய் உட்காருவேன். பக்கத்தில் அந்த டிராம் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். எனக்கு இடம் ஒதுக்கித் தருவார். பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்திலிருந்து, தெருக்கோடி மளிகைக் கடை எண்ணுக்குப் போன் போடுவேன். அப்பாவை ஓடிப்போய்க் கூட்டிவருவார்கள். அவருக்குக் கேட்க ஒரே கேள்விதான்.

"அங்க எத்தன அடியில கண்ணு தண்ணி?"

"எடத்துக்கு எடம் மாறுதுங்கப்பா. நாங்க பாத்த கெணத்துல எம்பதடி."

"எம்பதா! அடேங்கப்பா. எம்பதடிக்கு எவனாச்சும் படிக்கப் போவானா?"

பிறகு மளிகைக் கடைக்காரரிடம் அவர் உரக்கச் சொல்வது எனக்குக் கேட்கும்: "எம்பதடின்னு சொல்லுது. நேர்ல பாத்திருக்குது."

ஒத்திகை

ஊர் திரும்பியபோது அந்தப் படிப்பை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அரசு வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கணினி வகுப்புக்குப் போனார்கள், நானும் போனேன். ஆறு மாத டேட்டாபேஸ் பயிற்சி, பிறகு விசா, பிறகு எடிசன். ஒருகாலத்தில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பிய நாடு, இப்போது வருமானச் சான்றிதழ்கூடக் கேட்காமல் உள்ளே விட்டது.

எங்கள் கெஸ்ட் ஹவுஸில் மதியச் சாப்பாடு ஆனதும் ஒத்திகை நடக்கும். ரெஸ்யூமேயில் இருப்பதை ஒருவர் கேட்க, மற்றவர் தடுமாறாமல் சொல்ல வேண்டும். நேர்முகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா. நசீமா தலையில் குளிர்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வெள்ளைக்கார மேலாளர் ஆகிவிடுவாள்.

"மிஸ் பூங்கொடி, உங்க பேங்க்ல எத்தன பேரு டீம்ல?"

"ஆறு பேர்."

"நேத்து எட்டுன்னியே! ரெண்டு பேரத் தின்னுட்டியா?"

"நசீமா, சும்மா இரு."

"நான் நசீமா இல்ல, கிளையன்ட்டு. ஒழுங்கா பதில் சொல்லு பிள்ள. எட்டுன்னா எட்டு. பொய்யச் சொன்னா ஒரே மாதிரிச் சொல்லணும், இல்லாட்டி உண்மையச் சொல்லிட்டு ஊருக்குப் போயிரணும்."

அவள் மேலப்பாளையத்துக்காரி. தாவரவியலை இழந்த பிறகு அவளுக்கும் சென்னையில் ஒரு விமானக் கம்பெனி அனுபவம் எழுதப்பட்டிருந்தது. விமானத்தை அவள் முதன்முதலாகப் பார்த்ததே, எடிசனுக்குப் பக்கத்து நகரமான நெவார்க்குக்குப் பறந்து வந்த அன்றுதான்.

இதை நான் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அதற்குப் பொய் என்று பெயர் இல்லை. 'தயார் பண்ணுவது' என்று பெயர்.

மானுவேல்

ஒன்பதாவது வாரம் நெவார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நேர்முகம். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். டை தளர்ந்திருந்தது. பெயர் மானுவேல் என்றார். டேட்டாபேஸ் பற்றி ஐந்து கேள்வி கேட்டார், ஐந்துக்கும் சரியாகச் சொன்னேன். ஆறாவதாகத் தாளைத் திருப்பினார். அவர் முகமே மாறிவிட்டது.

"லிஸ்பனா? நீ லிஸ்பனில் இருந்தாயா?"

அவர் கேட்டது போர்த்துகீசிய மொழியில். நான் நினைப்பதற்குள் என் வாய் அதே மொழியில் "ஆமாம், இரண்டு வருடம்" என்று சொல்லிவிட்டது. அவர் நாற்காலியை மேசையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். பதினோரு வயதில் பெற்றோரோடு அந்த ஊரைவிட்டு வந்தவர் அவர். நெவார்க்கில் அவர்கள் தெருவில் போர்த்துகீசியர் ஏராளம். எங்களுக்கு அது தெரியாது. சுந்தருக்கும் தெரியாது. ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை.

"எந்த வங்கி?"

சுந்தர் எழுதிவைத்த பெயரைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டதில்லையே."

"சின்னது. அப்புறம் வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது."

"அலுவலகம் எங்கே?"

வேலை வேண்டும். பெஞ்சில் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. திருச்செங்கோட்டு மளிகைக் கடை வாசலில் நான் திரும்பி வந்து நிற்பதை ஒரு கணம் பார்த்தேன். பிறகு என் பல்கலைக்கழக நூலகத்தை எடுத்து வங்கியாக்கினேன். மேட்டுத் தெருவின் திருப்பம், எதிரே மருந்துக்கடை, படிக்கட்டில் தேய்ந்த கல், மூன்று மணிக்கு மேற்குச் சன்னலில் வரும் வெளிச்சம். எல்லாம் உண்மை. மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்பதுமட்டும் பொய்.

"அந்த மேடு எனக்குத் தெரியும்! நான் அங்கே விழுந்து முட்டியை உடைத்திருக்கிறேன்!" என்றார் மானுவேல்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு சுந்தர் இரண்டு பீட்சா வாங்கி வந்தார்.

ஏழு மாத மதியங்கள்

வேலை கடினமில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பாமல் இருக்க, பழைய பதிவுகளில் தேதிகளைத் திருத்தும் வேலை. கண் எரியும், அவ்வளவுதான். என்னைக் களைக்க வைத்தது மதியச் சாப்பாடு.

மானுவேல் தினமும் என் மேசைக்கு வருவார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப் டப்பா. "சொல்லு பூங்கொடி, இன்றைக்கு என்ன?" என்பார் போர்த்துகீசிய மொழியில். அந்த ஊரைப் பற்றிப் பேச அவருக்கு அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை. எனக்கும் அமெரிக்கா முழுவதிலும் வேறு ஆள் இல்லை. இருவருக்கும் பேசப் பேச ஆசை. ஆனால் ஒவ்வொரு நினைவையும் வெளியே விடுமுன் வேறு சட்டை மாட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

என் பேராசிரியர் மேலாளர் ஆனார். கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கப் போன பேருந்துப் பயணங்கள் கிளை அலுவலக ஆய்வு ஆயின. மாணவர் உணவகத்தில் தட்டோடு வரிசையில் நின்றதை வங்கி ஊழியர் உணவகம் என்றேன். அங்கேயும் முட்டைக்கோஸ் சூப்தானா என்று அவர் கேட்டார். அங்கேயும் அதுதான் என்றேன்.

சொன்னதை நினைவில் வைக்க ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். 'கிளைகள் 4. மேலாளருக்கு மூட்டுவலி.' ரயிலில் வரும்போது எடுத்துப் படிப்பேன், பரீட்சைக்குப் படிப்பதுபோல.

நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒரு நாள் என் பேராசிரியரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அவர் இடத்தில் டை கட்டிய, மூட்டுவலி உள்ள ஒரு வங்கிக்காரர் வந்து நின்றார். நானே உண்டாக்கிய ஆள். அன்று ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது கால்கள் ஈரத்துணிபோல இழுத்தன.

நசீமாவிடம் சொன்னேன். அவளுக்கும் வேலை அமைந்திருந்தது; வாடகை கொடுத்து அதே கெஸ்ட் ஹவுஸில்தான் இருவரும் தங்கியிருந்தோம்.

"வேலை இருக்குல்லா? மாசம் முடிஞ்சா உங்க அப்பாவுக்குப் பணம் போகுதுல்லா? பெறகு என்ன?"

"அவர்கிட்ட சொல்லிடலாம்னு தோணுது."

"சொல்லி? போர்த்துகீசுக்காரன் ஒனக்கு மாலை போடுவானாக்கும். பேசாமத் தோசையத் திருப்பு, கருகுது."

சனிக்கிழமை மதியம்

மானுவேலுக்கு ஒரே மகள், இனேஸ். வயது பத்தொன்பது. இங்கேயே பிறந்தவள், வீட்டில் போர்த்துகீசிய மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ரகம். அவளுக்கு ஒரு வருடம் லிஸ்பனில் போய்ப் படிக்க ஆசை. இங்கே ஒரு பருவத்துக்கு ஆகும் செலவில் அங்கே ஒரு வருடமே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்குத்தான் பயம். தெரியாத ஊரில் பெண்பிள்ளை தனியாக எப்படி இருப்பாள்?

"நீ தனியாக இருந்தவள்தானே, வந்து அவளிடம் பேசு. எனக்குத் தெரிந்தது பதினோரு வயதுப் பையனின் லிஸ்பன். அது எதற்கு உதவும்?" என்றார் மானுவேல்.

நெவார்க்கில் அவர்கள் தெருவில் ஒரு பேக்கரி. மதிய வெயில் கண்ணாடி வழியாக மேசைமேல் விழுந்தது. இனேஸ் ஒரு தாளில் கேள்விகள் எழுதி வந்திருந்தாள். நல்ல பெண். முதல் கேள்வியையே நேராகக் கேட்டாள்.

"பரீட்சை எல்லாம் வாய்மொழியாக இருக்குமாமே? மற்ற மாணவர்கள் முன்னால் நிற்க வைத்துக் கேட்பார்களாமே? உண்மையா?"

உண்மை. இரண்டு முறை அப்படி நின்றவள் நான். "எனக்குத் தெரியாதே. நான் வேலைக்குத்தானே போனேன்" என்றேன்.

"மாணவர்களுக்கு அறை எப்படிக் கிடைக்கும்?"

"சரியாகத் தெரியவில்லை."

"மொழி தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்தால் சமாளிக்க முடியுமா?"

"அங்கே யாரையாவது கேட்டால் தெரியும்."

அவள் அந்தத் தாளை மடித்தாள். மரியாதையாகத்தான் மடித்தாள். அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "டாட், இவங்களுக்குப் படிக்கிறதப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவங்க அங்க படிக்கவே இல்லயே."

ஏதோ பெரிய துணிச்சல் வந்து பேசினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியில்லை. ஏழு மாதமாகத் தலையில் தூக்கிக்கொண்டு நின்ற குடத்தை இனி ஒரு நிமிடமும் தாங்க முடியாது என்று கழுத்து சொல்லிவிட்டது. இறக்கினேன்.

"நான் அங்கேதான் படித்தேன்" என்றேன். "வங்கியெல்லாம் இல்லை. இரண்டு வருடமும் படிப்புதான்."

மானுவேலின் கை கோப்பையோடு நின்றது. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

இனேஸ் தாளைத் திரும்பப் பிரித்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் வாய்மொழித் தேர்வில் 'ஆழம்' என்பதற்குரிய சொல் மறந்துபோய், தரையைக் காட்டிக் குனிந்து குனிந்து கையால் விளக்கியதைச் சொன்னேன். ஆய்வேட்டை ஐந்து பேர் முன்னால் பேசி நிலைநாட்டிய நாளைச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது அங்கே வழக்கம். எனக்கு யார் இருக்கிறார்கள் வர? பட்டுப் புடவையில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் தோனா அமேலியா, கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டும் கைப்பையுமாக. நிலத்தடி நீர் ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், கேள்வி கேட்ட பேராசிரியரிடமே போய், "இந்தப் பெண்ணை ஏன் அவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள்?" என்று சண்டை பிடித்தார்.

"எவ்வளவு மதிப்பெண்?" என்றாள் இனேஸ்.

"இருபதுக்குப் பதினேழு. அங்கே அது மிக உயர்ந்த மதிப்பெண். என் அப்பாவிடம் போனில் சொன்னேன். 'மீதி மூணு எங்க போச்சு?' என்று கேட்டார்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அமெரிக்கா வந்து ஒன்பது மாதத்தில், நான் படித்ததை ஒருவர் என்னிடம் கேட்டு, நான் சொன்னது அதுவே முதல் முறை. மானுவேல் காசாளரிடம் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். ரயில் நிலையம்வரை காரில் கொண்டுவிட்டார். இறங்கும்போது, "திங்கட்கிழமை முதலில் என் அறைக்கு வா" என்றார். ஆங்கிலத்தில்.

திங்கட்கிழமை

மேசையில் என் ரெஸ்யூமே இருந்தது. மூன்று பக்கம். பென்சிலை என் பக்கம் உருட்டினார்.

"இதில் எது உண்மையோ அதில் கோடு போடு."

பெயரில் போட்டேன். முகவரியில், பொறியியல் பட்டத்தில், டேட்டாபேஸ் பயிற்சியில் போட்டேன். மூன்று பக்கத்தில் ஐந்து கோடுகூட வரவில்லை. நான் உண்மையாகப் பெருமைப்படுகிற ஒன்று அந்தத் தாளிலேயே இல்லை.

அவர் பென்சிலை வாங்கி ஓரமாக வைத்தார்.

"உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். இதில் உள்ளதெல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல என்னால் இருக்க முடியாது."

"புரிகிறது."

"ஏழு மாதம், பூங்கொடி. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். நீ அங்கே படிக்கப் போனவள் என்று சொல்லியிருந்தால் அப்போதே எடுத்திருப்பேனோ என்னவோ, எனக்குத் தெரியாது. அதை யோசிக்கும் வாய்ப்பையே நீ எனக்குத் தரவில்லை."

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார். கதவருகில் போனபோது, "இனேஸ் விண்ணப்பம் போட்டுவிட்டாள்" என்றார். தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னார்.

அன்றே சுந்தர் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? அந்தக் கம்பெனில இன்னும் ரெண்டு பேர அனுப்பலாம்னு இருந்தேனே! எல்லாத்துலயும் மண்ண போட்டியே! உன்ன யாரும்மா கேட்டா?"

"ஒரு பொண்ணு கேட்டாங்க சார்."

"கேட்டா? சொல்லிடுவியா? இப்ப என்ன பண்றது? புது ரெஸ்யூமே போடலாம். லிஸ்பனே வேணாம், மும்பைன்னு போட்டுக்கலாம்."

"வேண்டாங்க சார். என் படிப்ப அதுல திரும்பப் போட்டுருங்க. இல்லீன்னா டிக்கெட் போடுங்க, ஊருக்குப் போயிடறேன்."

"வீம்பா?"

"இல்லீங்க சார். எனக்கு இன்னொரு ஊர ஞாபகம் வெச்சுக்கத் தெம்பில்ல."

அவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஒன்றரைப் பக்கத்துக்குமேல் வரவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு அழைப்பு வரப் பதினோரு வாரம் ஆனது. வந்தது மென்பொருள் சோதனைப் பிரிவில் சின்ன வேலை, சம்பளமும் முன்பைவிடக் குறைவு. நேர்முகத்தில் லிஸ்பனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தனிக் கதை.

அந்த வெள்ளிக்கிழமை, கடைசி நாளன்று, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி ரயிலில் வந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கியபோது ஆறு மணி. நசீமா.

"ஏ பிள்ள, எந்திரி. எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன். செத்துகித்துப் போயிட்டியோன்னு மூக்குல கைய வெச்சுப் பாத்தேன். வேலை போனவ தூங்குற தூக்கமா இது?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.